காதை நீட்டிய அண்ணாச்சி

கொடுக்கிறவர் கையை நீட்டுவார். வாங்குகிறவரும் கையைத்தான் நீட்டுவார். அண்ணாச்சி காதை நீட்டுவார். அரிசிப் பையை உங்கள் கையில் வைத்துவிட்டு, அதன் இன்னொரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து வலது காதை உங்கள் பக்கம் திருப்பி நிற்பார். "வாயத் திறந்து சொல்லுங்க" என்பார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்ல மாட்டார். அது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிகிற வரைக்கும் பை இரண்டு பேர் கையிலும் இருக்கும்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அச்சில் பார்த்தால் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க எனக்கு மனமில்லை. பாளையங்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருந்தவர். ஒருநாள் கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஒரு வெள்ளை வேனை வாங்கிக்கொண்டு கர்த்தரின் ஊழியத்துக்கு வந்துவிட்டார். அதிலிருந்து சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் வரைக்கும் எந்தக் காலனிக்குப் போனாலும் 'வேன் அண்ணாச்சி' என்றால் தெரியும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பவுடர் மணம், கக்கத்தில் கறுப்பு அட்டைப் புத்தகம். ஹாரன் அடிக்க மாட்டார். ஆடு குறுக்கே வந்தாலும் வேனை நிறுத்தி, அதுவாகப் போகும் வரைக்கும் காத்திருப்பார். ஆடுகளிடம் அவர் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு அவர் அறிமுகமானது வெள்ளத்தில். சில வருஷங்களுக்கு முன் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, என் மனைவி அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். நான் புத்தக அலமாரியின் மேல்தட்டைக் காலிசெய்து தூக்கிக்கொண்டு ஓடினேன். எது அறிவாளித்தனம் என்று மாடியில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அடுப்பு கீழே தண்ணீருக்குள் இருந்ததால் முடிவில் இருவரும் சமம் என்று ஆனது.

மறுநாள் மத்தியானம், உவரிப் பக்கமிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த மீன்பிடி வள்ளம் ஒன்று எங்கள் தெருவில் மிதந்து வந்தது. பின்னால் துடுப்போடு ஒரு மீனவர். முன்னால் புளியோதரைப் பொட்டலங்களோடு அண்ணாச்சி. பொட்டலம் என் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்து, அங்கேயே நின்றது.

"கண்ண மூடுங்க."

"அண்ணாச்சி, நாங்க வேதக்காரங்கதான். நாலு தலைமுறைக் கிறிஸ்தவங்க" என்றேன். அடையாள அட்டை காட்டினால் வரிசையில் நிற்க வேண்டாம் என்று நினைக்கிற ஆள் நான்.

"பேருக்கா, நெசமாவா?"

"பசிக்கு நெசமா."

அவர் சிரிக்கவில்லை. செபித்தார். முதலில் ஆட்சியாளர்கள், பிறகு இந்த மாநகரத்தின் பாவங்கள், பிறகு குறிப்பாக இந்தத் தெருவின் பாவங்கள் என்று நெருங்கி வந்தார். எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் மீனவர் பொறுமை இழந்தார்.

"வே அண்ணாச்சி, சுருக்கா முடியும்வே. அங்கன அடுத்த தெருவுல ஒரு புள்ளத்தாச்சி நிக்கா."

ஆமென் வந்தது. பொட்டலம் வரவில்லை. காதுதான் வந்தது. "வாயத் திறந்து சொல்லுங்க."

"ஸ்தோத்திரம்" என்றேன்.

"இது தொண்டையிலேருந்து வருது சார். நெஞ்சுலேருந்து வரட்டும்."

பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்: "எங்கேருந்தாவது வரவழைச்சு வாங்குங்க. புளியோதரை ஊசிரும்."

வாங்கினேன். புளியோதரை நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பிடிக்காத ஒருவரின் கையிலிருந்து வாங்கிய சோறு ருசியாக வேறு இருந்துவிட்டால் அதைவிட எரிச்சல் கிடையாது.

எங்கள் வேதக்கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். ஊர் கூடிப் பணம் போட்டு, ஆட்டுக்கறி சமைத்து, வருகிற எல்லோருக்கும் இலை போடுவது. எந்தச் சாதி, எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. அந்த வருஷம் அண்ணாச்சி வந்திருந்தார். வரிசை வரிசையாகச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடிப்போனது.

"இத்தன ஆட்ட வெட்டியிருக்கீங்க. ஒருத்தனாவது வாயத் திறந்தானா சார்?"

"தொறந்தானே அண்ணாச்சி. உப்பு கொறச்சல்னு சொல்லிட்டுப் போறான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்காகச் செபிக்கத் தொடங்கிவிட்டது தெரிந்தது.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் அம்பாசமுத்திரம் சாலையில் இருந்தது. அதை ஒட்டி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஒரு காலனி. பெண்கள் பீடி சுற்றுவார்கள். ஆண்கள் செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ போவார்கள். அண்ணாச்சி அதைத் தத்தெடுத்துக்கொண்டார். அரிசி கொடுத்தார், சாயங்காலப் படிப்பு நடத்தினார், கண்ணாடி கொடுத்தார். கண்ணாடி கொடுத்த அன்று நான் இருந்தேன். பெரியவர் ஒருவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, அதற்குள் அண்ணாச்சி காதைச் சாய்த்துவிட்டார்.

"இப்பத் தெரியுதா ஐயா? வாயத் திறந்து சொல்லுங்க."

"பளிச்சுன்னு தெரியுதுய்யா" என்றார் பெரியவர், மூடிய பெட்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியானா போட்டு, மைக் வைத்துக் கூட்டம் நடக்கும். அதில் சாட்சி சொல்ல வேண்டும். கர்த்தர் தனக்கு என்ன செய்தார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வதற்குத்தான் சாட்சி என்று பெயர். எங்கள் கோயிலிலும் உண்டு. நாங்கள் அதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவோம், கர்த்தர் செய்வதை வெளியே சொன்னால் உறவினர்கள் கடன் கேட்பார்கள் என்பதால். அண்ணாச்சியின் கூட்டத்தில் தவிர்க்க முடியாது. தலைவலி தீர்ந்தது என்றவருக்கு ஒரு சோப்பு கிடைத்தது. வலிப்பு நின்றது என்றவருக்குப் போர்வை கிடைத்தது. அவர் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. மனம் நெகிழ்ந்தால் அவருக்குக் கை தாராளமாகும், அவ்வளவுதான். ஆனால் காலனி அதைக் கண்டுபிடித்துவிட்டது. அதன்பின் அங்கே வியாதிகள் பெருகின. எல்லாம் தவறாமல் சுகமாகவும் செய்தன.

சுடலையின் வியாதி மட்டும் அசல்.

அவர் அந்தக் காலனிக்காரர், எங்கள் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தவர். அதிகம் பேசாதவர். ஒரு சாக்பீஸ் துண்டு கீழே கிடந்தாலும் எடுத்துவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிற மனிதர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். போகும்போது பஸ்ஸில் போய்விடுவார். திரும்பி வருவதுதான் பெரும்பாடு. ஒருமுறை சேரன்மாதேவிக்குப் பக்கத்தில் மயங்கி, உட்கார்ந்திருந்தவர்கள் மடியில் விழுந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் பீடி சுற்றுகிறவள். அந்த வருமானத்தில் வாடகைக் கார் ஏறாது. நானும் சில தடவை கார் பிடித்துக் கொடுத்தேன். ஆனால் வாத்தியாரின் கருணைக்கு மாதக் கடைசி என்று ஒன்று உண்டு.

அண்ணாச்சியின் வேன் வந்தது. அவரே ஓட்டிக்கொண்டு போவார், காத்திருந்து கூட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் திரும்பும் வழியில் சுடலை சீட்டெல்லாம் வாந்தியெடுத்துவிட்டார். கஞ்சிச் சட்டையின் கையை மடித்துவிட்டு, அண்ணாச்சி வாய்க்காலில் தண்ணீர் மொண்டுவந்து தானே கழுவினார். பேச்சியம்மாளைத் தொட விடவில்லை. நான் பள்ளிக்கூட வாசலில் நின்று அதைப் பார்த்தேன். நல்ல மனிதர் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கழுவி முடித்ததும் அவர் சுடலையின் பக்கமாகக் காதைச் சாய்த்தார். எனக்குத் தோன்றியது போய்விட்டது.

அவர் சுடலையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அது சுடலைமாடனின் பெயர், இன்னொரு சாமியின் பெயர். 'சகோதரரே' என்பார்.

ஒரு சனிக்கிழமை, வெளியூரிலிருந்து கோட்டுப் போட்ட விருந்தாளிகள் இரண்டு பேர் வீடியோக் கேமராவோடு வந்திருந்தார்கள். பேச்சியம்மாள் எழுந்தாள். பீடிக் கூட்டத்தில் கதை சொல்லி மற்றப் பெண்களின் கையை நிறுத்திவிடுகிறவள் அவள். மைக் கிடைத்தால் கேட்க வேண்டுமா? கால் வீங்கியது, முகம் வீங்கியது, டாக்டர் கைவிட்டார், அண்ணாச்சி தலையில் கைவைத்துச் செபித்தார் என்று ஏறிக்கொண்டே போனாள். விருந்தாளிகளின் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் ஒரு படி ஏறினாள்.

"இப்ப அவுகளுக்குப் பூரண சொகம்!"

கைதட்டினார்கள். அண்ணாச்சி அழுதார். பேச்சியம்மாளுக்கு ஒரு மிக்சி கிடைத்தது.

திங்கட்கிழமை வேன் வரவில்லை.

வேனில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். வியாழக்கிழமையும் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து இரண்டு நாளும் மெஷின் தவறிப்போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள். முந்தானையில் புகையிலைத் தூள் அப்படியே இருந்தது.

"சார், அவுகளுக்கு மூச்சு எளைக்கு. காலு தண்ணிப் பானை மாதிரி ஊதிட்டு. அண்ணாச்சிக்குப் போனு போட்டேன். சொகமானவருக்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரிங்காவ."

"நீ ஏன் அப்படிச் சொன்ன பேச்சி?"

"மரியாதைக்குச் சொன்னேன் சார். கல்யாண வீட்டுல சாம்பாரு எப்படின்னு கேட்டா என்ன சொல்லுவோம்? அத நம்பி ஒரு மனுசன் அண்டாவோட ஊத்துவான்னு யாருக்குத் தெரியும்?"

முதலில் காரைப் பிடித்துச் சுடலையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவள் தம்பி கூடப் போனான். அன்றைக்கு உயிர் தப்பியது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை, அதற்கடுத்த வியாழக்கிழமை, அதற்கும் பிறகு? அந்த வேன் வந்தால்தான் சுடலை இருப்பார். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சாயங்காலம் இருவரும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம்.

அன்போடுதான் வரவேற்றார். அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்தார். நான் ஒரு வாய் குடித்ததும் அண்ணாச்சி காதைச் சாய்த்தார்.

"காப்பி எப்படி இருக்கு சார்? வாயத் திறந்து சொல்லுங்க."

"சொல்லிருங்க சார்" என்றார் அந்த அம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "இல்லைன்னா விட மாட்டாவ." எத்தனையோ வருஷக் களைப்பு அந்தக் குரலில் இருந்தது.

சொன்னேன். பிறகு விஷயத்தையும் சொன்னேன்.

"சொகமான மனுசன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, கர்த்தர் மேல கேசு போட்ட மாதிரில்லா சார்?"

"அந்த மனுசன் மூச்சு விட முடியாமக் கெடந்தார் அண்ணாச்சி."

"சோதனை சார்."

"கிட்னி."

அவர் புன்னகை செய்தார். மோசடிக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மோசடிக்காரனை மிரட்டலாம், பத்திரிகையில் எழுதுவேன் என்று சொல்லலாம். இவர் நம்பினார். பேச்சியம்மாளின் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லையும் நம்பினார். அந்த வீங்கிய காலை மட்டும் நம்பவில்லை.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்று அவள் பக்கம் திரும்பினார். "நீ மைக்குல சொன்னது பொய்யாம்மா?"

நான் வாதம், எதிர்வாதம் என்று தடித்தடியான புத்தகங்கள் படித்தவன். இப்படியொரு பொறியை எதிலும் பார்த்ததில்லை. பொய் என்றால், கர்த்தரின் பெயரால் பொய் சொன்னவளுக்கு வேன் கிடையாது. மெய் என்றால், சுகமானவருக்கு வேன் தேவை கிடையாது. பேச்சியம்மாளின் விரல்கள் மடியில் இல்லாத பீடி ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தன.

"நாளைக்குக் கூட்டத்துல மைக்குல சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "அதான். சபைக்கு முன்னால வாயத் திறந்து சொல்லணும்."

பஸ்ஸில் கேட்டேன், என்ன சொல்லப் போகிறாய் என்று.

"இன்னும் தெரியல சார். அண்ணாச்சி என்ன கேக்க ஆசப்படுதாவன்னு மட்டும் தெரியும்."

மறுநாள் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுடலையை இரண்டு பேர் தாங்கலாகக் கூட்டிவந்து முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பேச்சியம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

"போன வாரம் நான் சொன்னது நெசம். அவுகளுக்குச் சொகம் கெடச்சது நெசம். ஆனா நடந்தத மறைக்கக் கூடாதுல்லா? மறுநாளு வெள்ளென எந்திச்சு, என்கிட்டகூடச் சொல்லாம, வாய்க்காலத் தாண்டிப் பைய நடந்து மாடன் கோயிலுக்குப் போயிட்டாவ. துன்னூறு பூசிட்டு வந்து நிக்காவ. அன்னைக்குச் சாயங்காலமே காலு வீங்கிட்டு. கர்த்தர் கொடுத்தாரு. இவுக தொலைச்சுட்டாவ."

மாடன் கோயில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வரப்பின்மேல் நடந்து போக வேண்டிய தூரம். சுடலையைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போகவே இரண்டு ஆள் வேண்டும் என்பது அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். யாராவது ஒருவர் சிரித்திருந்தால், யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடித்திருந்தால், முடிந்தது கதை.

நடுவிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "ஸ்தோத்திரம்."

இன்னொருத்தி சொன்னாள். பிறகு காலனி முழுக்கச் சொன்னது. தொண்டையிலிருந்து வந்ததா, நெஞ்சிலிருந்து வந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்கூடச் சொன்னேன்.

ஆனால் அண்ணாச்சிக்கு அது போதவில்லை. நேரே சுடலையிடம் போனார். மண்ணில் முழங்கால் போட்டார். கண்ணீர் வழிந்தது. நடிப்பில்லை. காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சகோதரரே, போனீங்களா? வாயத் திறந்து சொல்லுங்க."

சாக்பீஸ் துண்டைத் திருப்பிக் கொடுத்த மனிதர். அவர் வாயில் பொய் வந்து நான் கேட்டதில்லை. சுடலை மனைவியைப் பார்த்தார். அவள் மைக்கின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அது வியாதியின் மூச்சா, வேறெதன் மூச்சா என்று தெரியவில்லை.

"போனேன்" என்றார்.

அண்ணாச்சி அவரைக் கட்டிக்கொண்டார். சுகமானவனைவிட, விழுந்து எழுந்தவன் இன்னும் நல்ல சாட்சி. விருந்தாளிகளுக்கு அனுப்ப இன்னொரு வீடியோ. மனம் திரும்பிய பாவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதில் கர்த்தர் மேல் கேசும் இல்லை.

திங்கட்கிழமை வேன் வந்தது.

அதன்பிறகு ஒருநாள் காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கிய நான், காலனி முனையில் இருவரும் வேனுக்காக நிற்பதைப் பார்த்தேன். சுடலையின் முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. பேச்சியம்மாளிடம் கேட்டேன், அத்தனை பேர் இருக்கும்போது பழியை இந்த மனிதர் தலையில் ஏன் போட்டாய் என்று.

"வேற யார் மேல சார் போட? கர்த்தர் மேல போட முடியாது. அண்ணாச்சி மேல போட முடியாது. என் மேல போட்டா வேன் வராது. இவுக மேல போட்டா இவுக ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"இனி ஒவ்வொரு தடவையும் வேன்ல மன்னிப்புக் கேக்கணும் சார்" என்றார் சுடலை. "போகையில ஒரு தடவ, வருகையில ஒரு தடவ. செய்யாத பாவத்துக்குக் கேக்குறது கஷ்டமா இருக்கு. பேசாம ஒருநாளு மாடன் கோயிலுக்குப் போயிட்டு வந்துரலாமான்னு பாக்கேன்."

"கொடைக்குப் போங்க. கெடா வெட்டுவாவ, கறியாவது கெடைக்கும்" என்றாள் அவள்.

சுடலை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. பேச்சியம்மாளும் சிரித்தாள். மூன்று பேரும் நடுரோட்டில் நின்று சத்தமாகச் சிரித்தோம்.

தூரத்தில் வளைவில் வெள்ளையாக ஏதோ திரும்பியது.

"வேன் வருது. சிரிப்ப நிறுத்துங்க" என்றாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு உள்ளங்கையால் அவருடைய வாயை ஒரு தடவை துடைத்துவிட்டாள், சோற்றுப் பருக்கையைத் துடைப்பதுபோல. சிரிப்பு போயிருந்தது. அவர் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"நீங்க தள்ளி நில்லுங்க சார். நீங்க நின்னா எங்களுக்கு மொகம் நிக்காது."

நான் டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வேன் வந்து நின்றது, கதவு திறந்தது. இரண்டு பாவிகளும் ஏறிக்கொண்டார்கள்.